ஏழாவது கட்டத்தில் ஒரு டிக்

போன் பேசி முடிச்சிட்டியா பிள்ளே? அம்மாவா? தமிழ் காதுல விழுந்ததும் அந்த சீட்டை விட்டுட்டு இங்க வந்து உக்காந்துட்டேன், தப்பா நினைக்காத. ரயில் பாதையில வேலை நடக்குதுன்னு எல்லாரையும் பஸ்ல ஏத்தி விட்டுட்டான். சிட்டிக்குப் போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆவும். உனக்க கழுத்து அட்டையைப் பாத்தேன். நர்ஸா? எந்த வார்டு? எந்த ஊரு? நானும் நர்ஸாக்கும். பேரு ஜெனோபா, இங்க ஜென்னும்பாங்க. கன்னியாகுமரிப் பக்கம் முட்டம். சிட்னிக்கு வந்து மூணு வருசம்.

இன்னைக்கு நான் வேலைக்குப் போகல. பதினோரு மணிக்கு என்னை விசாரிக்கப் போறாங்க. மூணு பேரு, ஒரு மேசை. இது ரெண்டாவது தடவை. நீயும் ஒரு நர்ஸ்தானே, நீயே கேட்டுட்டுச் சொல்லு, நான் என்ன தப்பு செஞ்சேன்னு. எனக்க வீட்டுக்காரர்ட்ட சொன்னா, "எத்தனை தடவடி இதையே சொல்லுவ"ங்காரு. அவருக்கு குடோன்ல பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. வீட்லதான் இருக்காரு. விசா எனக்க பேர்ல. என்னை வேலைக்கு வெச்சிருக்குற கிளினிக்கு கையெழுத்துப் போட்டு வாங்கின விசா. அவங்க போன்னு சொன்னா, வேற கிளினிக்கு கெடைக்கணும். கெடைக்கலேன்னா பெட்டியைக் கட்டணும். மார்ச் மாசம் வந்தா நிரந்தரமா இருக்கதுக்கு எழுதிப் போடலாம். மார்ச் வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கணும், அதாக்கும் விஷயம். இதை மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளு.

எங்க கிளினிக்கு பொம்பளப் பிள்ளைங்களுக்குள்ளது. நம்ம ஊர்ல வாயால சொல்ல மாட்டோமே, அந்த நோயெல்லாம் பாக்கது, மருந்து கொடுக்கது, பிள்ளை உண்டாவாம இருக்க ஊசி போடுகது. வாரதுல பாதிக்கு மேல இந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க, அபாரிஜினல்னு சொல்லுதாங்கல்லா, அவங்க பிள்ளைங்க. காட்டுக்குள்ள இருக்காங்கன்னு நினைச்சிராத. நான் அப்படி நினைச்சிட்டுத்தான் வந்து இறங்கினேன். அடுக்குமாடி வீட்ல இருக்காங்க, சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடுதாங்க, நகத்துக்கு விதவிதமா வண்ணம் அடிச்சிருக்காங்க. நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான். என்ன, பேச மாட்டாங்க. அதாவது நம்மகிட்ட பேச மாட்டாங்க. லியான்கிட்ட பேசுவாங்க.

லியான் எங்க கிளினிக்குலதான் வேலை. அவளும் அந்த சனம்தான், எனக்க வயசு. வார பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டு வாரது, கூட இருக்கது, பயம் தெளிய வைக்கது, அவளுக்க வேலை அது. நான் சேந்த முதல் வாரமே சொன்னா: "ஜென், உக்கார வெச்சதும் கேள்வி கேக்காத. கொஞ்ச நேரம் சும்மா இரு. யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, அதைப் பேசு. அப்புறம் அவங்களே சொல்லுவாங்க."

ஒரு ஆளுக்கு இருபது நிமிசம் பிள்ளே. அதுல முப்பத்திரெண்டு கேள்வி. இதுல ஊர்க்கதை பேசவா நேரம் இருக்கு? நான் சொன்னேன்: "லியான், நானும் கறுப்புதானே. என்னைப் பாத்து அவங்களுக்கு என்ன பயம்?" லியான் எழும்பினா. கையில இருந்த காப்பிக் கப்பைக் கொண்டுபோய்க் கழுவினா. ரொம்ப நேரம் கழுவினா.

ஜூன் மாசம். இங்க ஜூன்னா நல்ல குளிரு. அன்னைக்கு லியான் லீவு. அப்ப வந்தா கிரலி. பத்தொம்பது வயசு. சாம்பல் கலர் ஸ்வெட்டரு, கைய முழுசா உள்ள இழுத்து வெச்சிருந்தா. "லியான் இல்லையா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். திரும்பிப் போகப் பாத்தா. நான்தான் விடல. "நான் பாக்கேன், வா வா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அவ்வளவு அக்கறை எனக்கு. இதை யாரும் எழுத மாட்டாங்க.

எனக்க அறையில ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பரிசோதனைக் கட்டில். கதவைச் சாத்தினா பாத்ரூம் மாதிரி இருக்கும். கேள்வியை ஆரம்பிச்சேன். மூணு மாசத்துல எத்தனை ஆம்பளைங்க? குடிப்பியா? எந்த வீட்ல இருக்க? இந்த வருசத்துல எத்தனை வீடு மாறின? தலையைக் குனிஞ்சுக்கிட்டே பதில் சொன்னா. முகத்தைப் பாத்துப் பேசலேன்னா எதையோ மறைக்குதான்னு நமக்குத் தோணுமில்லா? எனக்கும் தோணிச்சு. "என்னைப் பாத்துச் சொல்லு"ன்னேன், ரெண்டு தடவை. நம்ம ஊர்ல பெரியவங்க முன்னால நாமளும் தலையைக் குனிஞ்சுதான் நின்னோம், அது வேற. அது மரியாதை.

"ஷேம்"னு ஒரு வார்த்தை சொன்னா. அவங்க அடிக்கடி சொல்லுத வார்த்தை அது. வெக்கம்னும் சொல்ல முடியாது, மானம் போச்சுன்னும் சொல்ல முடியாது, ரெண்டும் சேந்து ஒண்ணு. "இதெல்லாம் பேச ஷேம்"னா. "நர்ஸ்கிட்ட என்ன வெக்கம்"னேன்.

ஒரு கை மட்டும் அடிவயித்துலயே இருந்துச்சு. வந்ததுலேருந்து. வலிக்குதுன்னு அவ சொல்லவே இல்ல. வலி பத்தின கேள்வி இருபத்தி ஆறாவது, அதுக்கு முன்னாலயே இருபது நிமிசம் முடிஞ்சு போச்சு. அவளும் சொல்லல. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும், நீயே சொல்லு?

அஞ்சாவது கேள்வி, பிள்ளை உண்டா? உண்டு. எட்டு மாசம், ஆண் பிள்ளை. ஆறாவது, இப்ப பிள்ளை யார்கிட்ட இருக்கு? "நோலாகிட்ட." நோலா யாரு? பெரியம்மா. நேத்து ராத்திரி? அது வேற ஒரு அக்கா வீட்ல. பிள்ளை கை மாறி மாறிப் போகுது, வீடு மாறுது, தாய் பத்தொம்பது வயசு. ஏழாவது ஒரு கட்டம். 'குழந்தையின் நலன் பற்றி ஐயம் உண்டா?' அதுல டிக் அடிச்சா, அடுத்தது நம்ம கையில இல்ல. வெல்ஃபேர் ஆபீசுக்குத் தகவல் தானாப் போயிரும், தாய்ட்டேருந்து பிள்ளையை எடுத்துட்டுப் போகவே அவங்களுக்கு அதிகாரம் உண்டு.

அப்ப கிரலி தலையை நிமிர்த்தினா. முதல் தடவை. "எனக்க பிள்ளையைப் பத்தி ஏதாவது எழுதுதியா?"

நான் சொன்னேன்: "சே சே, இது எல்லார்ட்டயும் கேக்கதுதான்."

பொய்யா அது? எல்லார்ட்டயும்தான் கேக்கோம். அவளுக்குப் பதட்டம் வந்திரக் கூடாதுன்னு சொன்னேன். சாம்பிள் எடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், ரெண்டு நாள்ல போன் பண்ணுதேன்னு அனுப்பினேன். அவ வெளிய போனதும் அந்தக் கட்டத்தைப் பாத்துட்டே இருந்தேன். எங்க கூட முன்ன வேலை பாத்த ஒருத்தி, அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டதுக்காக மேனேஜர் அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலயும் வறுத்தெடுத்தா. அவ வெள்ளைக்காரி, வேலையைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போனா. நான் எங்க போவேன்? முட்டத்துக்கா? இடுப்பு போன மனுசனைக் கூட்டிட்டா? டிக் அடிச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அடிக்காம விட்டு நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எனக்க பேருதான் வரும்.

அடிச்சேன்.

ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு நோய், ரெண்டும் இருக்கு. பயப்படவே வேண்டாம் பிள்ளே, உனக்குத் தெரியாததா, ஒரு ஊசி, ஒரு வாரம் மாத்திரை, சரியாப் போயிரும். மருந்தை எடுத்து அவ பேர் எழுதி எனக்க அலமாரியில தயாரா வெச்சேன். போன் பண்ணினேன். எடுக்கல. மறுநாள் பண்ணினேன். அதுக்கு மறுநாள் நம்பரே இல்லைன்னுட்டு. பதினோரு தடவை பண்ணியிருக்கேன், எல்லாத்துக்கும் நேரம் போட்டு எழுதி வெச்சிருக்கேன். வேணும்னா காட்டுதேன்.

லியான்தான் சொன்னா, என்ன நடந்துச்சுன்னு. நோலா வீட்டு வாசல்ல வெல்ஃபேர் கார் வந்து நின்னிருக்கு. ரெண்டு பேரு இறங்கி, தொட்டில் எங்க, பால் எங்க, யார் யார் இந்த வீட்ல தூங்குதாங்கன்னு கேட்டிருக்காங்க. பிள்ளையை எடுக்கல, கேளு, பிள்ளையை எடுக்கவே இல்ல. கேட்டுட்டுப் போனாங்க, அவ்வளவுதான். அன்னைக்கே கிரலி பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. எங்கன்னு யாருக்கும் தெரியல. போனைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாளாம், போனை வெச்சுக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு.

லியான் எனக்கிட்ட சத்தம் போடல. அதுதான் எனக்குத் தாங்கல. கார்ச் சாவியை எடுத்தா, "மருந்தை எடுத்துட்டு வா"ன்னா. நோலா வீட்டுக்குப் போனோம்.

அரைமணி நேரம் கார்லயே உக்காந்திருந்தேன். லியான் வாசல்ல நின்னு பேசிட்டிருந்தா. வலைக்கதவு, உள்ள யாரு நிக்கான்னே தெரியாது. எனக்குப் பொறுக்கல, இறங்கிப் போயிட்டேன். "அம்மா, நான் ஜென், கிளினிக்கு நர்ஸ். கிரலிக்கு மருந்து கொண்டு வந்திருக்கேன். நானும் உங்களை மாதிரி கறுப்புதான், என்னை நம்பலாம்."

வலைக்கு அந்தப் பக்கமிருந்து நோலாவுக்க குரல்.

"எனக்கு நாலு வயசு. எங்க வீட்டுக்கும் முதல்ல நர்ஸுதான் வந்தா. நல்ல மாதிரி. எனக்கு ஒரு மிட்டாய் தந்தா, எங்கம்மாவை எடை பாக்கணும்னு உள்ள கூட்டிட்டுப் போனா. அதுக்குள்ள கவர்மெண்ட் ஆளுங்க என்னைக் கார்ல ஏத்திட்டாங்க, எங்க சனத்துப் பிள்ளைங்களை அப்பல்லாம் அப்படித்தான் எடுத்துட்டுப் போனாங்க. எங்கம்மாவைத் திரும்பப் பாக்கும்போது எனக்கு இருபத்தி மூணு வயசு. அவளுக்கு என்னை அடையாளம் தெரியல."

"அதெல்லாம் அந்தக் காலம்"னு வாயில வந்துச்சு. நல்ல வேளை, சொல்லல. சொன்னேனோ? லியான் சொன்னேன்னு சொல்லுதா. எனக்கு ஞாபகம் இல்ல.

"மருந்தை அங்க வெச்சிட்டுப் போ"ன்னா நோலா. ஊசியை எப்படி வாசல்ல வெச்சிட்டு வர முடியும்? விதி அப்படி. கையில கொண்டு போனது கையிலயே திரும்பி வந்துச்சு.

மூணு வாரம் கழிச்சு கிரலி கெடைச்சா. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு டவுன் ஆஸ்பத்திரில. காய்ச்சல் நூத்தி நாலு, அந்த நோய் உள்ள பரவி அடிவயிறு முழுக்கச் சீழ். ஆபரேசன் பண்ணி ஒரு பக்கத்துக் கருக்குழாயை எடுத்துட்டாங்க. இன்னொரு பக்கமும் சரியில்லையாம். இனி ஒரு பிள்ளை உண்டாவது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. பத்தொம்பது வயசு பிள்ளே.

ஊசி எனக்க அலமாரியில கிடக்கு. அவ பேரு எழுதி.

இங்க உள்ள ஆஸ்பத்திரிக்கு மாத்தினப்புறம் பாக்கப் போனேன். யாரும் போகச் சொல்லல. நானாத்தான் போனேன். திராட்சை வாங்கிட்டுப் போனேன். கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. நான் பேசிட்டே இருந்தேன், விதி அப்படி, எனக்க நிலைமை இப்படி, விசா, மார்ச்சு, எல்லாத்தையும். அவ திரும்பவே இல்ல. கடைசியில சுவரைப் பாத்தே சொன்னா.

"நான் உன்கிட்ட கேட்டேன்."

"கிரலி, அந்தக் கட்டம்..."

"கேட்டேன்ல."

திராட்சையை அங்கேயே வெச்சிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் புகார். எனக்க பேர்ல. லியான்தான் கொடுத்திருப்பான்னு நினைச்சு ஒரு மாசம் அவ முகத்துலயே முழிக்கல. என்னை நோயாளிகளைப் பாக்க விடல. பின்னால ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சு, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டு, காலாவதித் தேதி பாருன்னாங்க. ஆறு வாரம். இருபத்தி ரெண்டு வருச சர்வீசு எனக்கு. ஊர்ல கடப்புறத்துல எத்தனை பிள்ளைங்களுக்குப் பிரசவம் பாத்திருக்கேன், பாம்பு மாதிரி தொப்புள்கொடி சுத்திக்கிட்டு வந்ததை எல்லாம் எடுத்திருக்கேன். இங்க லேபிள். இந்த சனத்துகிட்ட எப்படி நடந்துக்கணும்னு வாரம் ஒரு நாள் பயிற்சி வேற. அங்க ஒரு பொம்பளை சொன்னா, "உன்கிட்ட வந்தவ பாதுகாப்பா இருந்தாளான்னு நீ சொல்ல முடியாது, அவதான் சொல்லணும்"னு. எழுதிக்கிட்டேன். அப்படின்னா எனக்கு யாரு சொல்லுவா, நான் பாதுகாப்பா இருக்கேனான்னு? அதைக் கேக்கல. கேட்டா அதையும் எழுதிருவாங்க.

கடைசியில, முதல் தடவை விசாரிச்ச அன்னைக்கு, புகார்க் கடிதத்தை எனக்கு வாசிக்கத் தந்தாங்க. லியான் கொடுத்தது இல்ல. கிரலியே எழுதினது. நாலே வரி. என்னை வேலையை விட்டு எடுக்கணும்னு இல்ல, நஷ்டஈடும் கேக்கல. 'என்னைப் பத்தி என்ன எழுதினாலும், எழுதும்போதே எனக்குச் சொல்லணும். என்னை மாதிரி வாரவங்க எல்லார்ட்டயும் சொல்லணும்.' அவ்வளவுதான் பிள்ளே! இவ்வளவுக்காகவா ஆறு வாரம்? நேர்ல சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே!

சரி. செப்டம்பர்ல எனக்க அறைக்குத் திரும்பி வந்தேன். கம்ப்யூட்டரை அவங்களும் பாக்க மாதிரி திருப்பி வெச்சேன். டைப் அடிக்க அடிக்க வாசிச்சுக் காட்டுதேன். சில பிள்ளைங்க பாதியில எழுந்து போயிருதாங்க. "எண்ணிக்கை ஏன் குறையுது?"ங்கா மேனேஜர். சில பேரு "அது அப்படி இல்ல, இப்படி எழுது"ன்னு திருத்துதாங்க. இருபது நிமிசம் நாப்பது ஆவுது. ஏழாவது கட்டம் அங்கேயேதான் இருக்கு. அதை நான் எடுக்க முடியுமா?

இப்ப இந்த ரெண்டாவது விசாரணை எதுக்குன்னு கேளு.

போன மாசம் கிரலி வந்தா. எனக்கிட்ட இல்ல, லியான்கிட்ட. பக்கத்து அறை. எனக்க கதவு திறந்து கெடந்துச்சு. ஏதோ டைப் அடிச்சிட்டிருக்கேன், கதவுகிட்ட ஒரு சின்னத் தலை. அவளுக்க மகன். நடக்க ஆரம்பிச்சிருக்கான், இப்பத்தான், சாராயம் குடிச்சவன் மாதிரி ஒரு ஆட்டம். என்னைப் பாத்து ஒரு சிரிப்பு, கீழே ரெண்டு பல்லு. நாற்காலியைப் பிடிச்சு வந்தான், பிடியை விட்டான், ரெண்டு அடி வெச்சான். எனக்கு நேரா.

எனக்குக் கை வரல. பொய் சொல்லல பிள்ளே, நாலடி தூரம். குனிஞ்சா பிடிச்சிரலாம். தொட்டா என்ன எழுதுவாங்களோ, யார்கிட்ட கேட்டுத் தொட்டேன்னு கேப்பாங்களோன்னு ரெண்டு கையையும் மடியில வெச்சு அப்படியே இருந்துட்டேன். விழுந்தான். நாற்காலிக் கால்ல உதடு பட்டு ரத்தம். அலறினான். அப்பவும் நான் எழும்பல. ஆயிரம் பிள்ளையைத் தூக்கின கை இது.

கிரலி ஓடி வந்தா. வாரி எடுத்தா, ஸ்வெட்டர் கையால உதட்டைத் துடைச்சா. என்னைப் பாத்தா. எனக்க மடியைப் பாத்தா.

"நீ பாத்துட்டேயா இருந்த?"

"தொடலாமான்னு தெரியல."

"பிள்ளை விழுந்தா தூக்கணும், ஜென்."

அதோட போயிருந்தா போயிருக்கும். ஆனா கிளினிக்குள்ள யாரு விழுந்தாலும் ரிப்போர்ட் எழுதணும், சின்னக் காயம்னாலும். விதி. அவ நிக்கும்போதே எழுதினேன், எழுத எழுத வாசிச்சேன். 'குழந்தை விழுந்தது. நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் தூக்கவில்லை.' வாசிச்சு முடிச்சிட்டு, சரியான்னு கேட்டேன்.

கிரலி சிரிச்சா. சத்தமா. நான் அவ சிரிச்சுப் பாத்ததே இல்ல. எதுக்குச் சிரிச்சான்னு இன்னும் எனக்குத் தெரியல. அப்புறம் கம்ப்யூட்டர் திரைகிட்ட குனிஞ்சு, வெரலை வெச்சு, "அவன் பேரு சார்லி இல்ல. ஜார்லி. ஜே போடு"ன்னா. ஜூன்லேருந்து ஃபைல் முழுக்க சார்லின்னுதான் இருக்கு. திருத்தினேன்.

ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மேனேஜர் கூப்பிட்டா. "ஜென், இப்படி எழுதினா கடமை தவறினேன்னு நீயே ஒத்துக்குத மாதிரி ஆவும். அப்ப தாய் எங்க இருந்தா? பிள்ளையைக் கவனிக்காம வேற அறையில இருந்தாளா இல்லையா? அந்த ஒரு வரியைச் சேத்துரு. உனக்கு நல்லது." நல்ல மாதிரிதான் சொன்னா. இன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும் சேக்கலாம். இந்தா, காகிதம் பையிலயே இருக்கு.

சேக்கலாம்தானே? பொய் ஒண்ணும் இல்லையே. அவ பக்கத்து அறையிலதானே இருந்தா. அதை வெச்சு வெல்ஃபேர் கார் திரும்ப வந்தா, அது எனக்க கையிலயா இருக்கு? எனக்க வீட்டுக்காரர் காலையில கூட, "ஒரு வரிக்காகப் பெட்டியைக் கட்டணுமா?"ன்னாரு. நாலு நாளா அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு தடவை பேனாவை எடுத்துட்டேன்.

ஆனா எழுதினா, அவளைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டணும் இல்லா? அந்த வரியை அவ முகத்தைப் பாத்து வாசிக்க எனக்குத் தைரியம் இல்ல பிள்ளே. நான் பயந்தவ. அதனாலதான் சேக்கல.